அத்தை சொன்ன 'சாய்ங்க'

என் சின்ன மாமன் சைகோனிலிருந்து ஒரு தகரப் பெட்டியும், மணியடிக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்றும், ஒரு பெண்டாட்டியும் கொண்டு வந்தார். எங்கள் ஊர் கடிகாரத்தை அன்றைக்கே ஏற்றுக்கொண்டது. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று ஒரு மாதம் பேசியது. பெண்டாட்டியைத்தான் வேண்டாம் என்றது.

அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர். பெரிய மாமன் பூமி, கிணறு, மாடு கன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, குடும்பத்துக்கு மூத்தவராக இருந்தார். சின்ன மாமன் பதினெட்டு வயதில் ஏதோ ஒரு காளை விஷயமாக அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். காரைக்குடிப் பக்கத்து வியாபாரிகள் சிலரோடு கப்பலேறி, சைகோனில் அவர்களுடைய கடைக்குக் காவல்காரராகச் சேர்ந்தார். வியட்நாம் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அந்த நாட்டில் இருக்கும் ஊர். அப்போது எங்களுக்கு நாடும் சைகோன்தான், ஊரும் சைகோன்தான்.

அங்கே மாமனுக்கு வந்த கஷ்டம் சாப்பாட்டுக் கஷ்டம். எதை எடுத்தாலும் அதில் மீனை ஊறவைத்து இறக்கிய தண்ணீரை ஊற்றிவிடுவார்களாம். மாமன் ஒன்றும் பெரிய சைவர் இல்லை. ஆனால் அமாவாசைக்குக் கவுச்சி தொடக்கூடாது என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளை. ஓர் அமாவாசையன்று பட்டினியோடு அலைந்தவர், ஒரு புத்தர் கோயில் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்திருக்கிறார். அந்த நாட்டு ஜனங்களிலும் பலர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மீன், கறி தொடமாட்டார்களாம். அந்தக் கடையிலோ வருஷம் முழுக்கவே தொடமாட்டார்கள். கடையை ஒரு விதவை அம்மாள் நடத்தினாள். பரிமாறியது அவள் மகள்.

அதன் பிறகு மாமன் அமாவாசைக்கு விரதம் இருந்தார். பௌர்ணமிக்கு இருந்தார். செவ்வாய், வெள்ளி, சனி என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் எல்லா நாளும் விரதம் என்று ஆக்கிவிட்டார். எங்கள் வம்சத்திலேயே அவ்வளவு பக்தியாக விரதம் இருந்தவர் வேறு யாரும் கிடையாது. அந்த விரதத்தின் பலன்தான் எங்கள் அத்தை.

அத்தை பிறந்ததிலிருந்து மீனோ கறியோ முட்டையோ வாயில் வைத்தவள் இல்லை. பூண்டும் வெங்காயமும்கூடத் தள்ளி. பால், தயிர், மோர் எதுவும் வேண்டாம். வந்த முதல் நாள் அம்மா ஒரு சொம்பு மோரை நீட்டியதும், அத்தை இரண்டு கையையும் கூப்பிவிட்டுக் கட்டுத்தறியில் நின்ற கன்றுக்குட்டியைக் காட்டினாள். அது அதனுடையது என்று அர்த்தம். மோர் வேண்டாம் என்று சொல்லும் மருமகளை அம்மா அதற்கு முன்பு கண்டதில்லை. ரொம்ப நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆக, எங்கள் ஊரில் உண்மையிலேயே வாய் சுத்தமான ஆள் அத்தை ஒருத்திதான். அவளைத்தான் பாம்பு தின்கிறவள், தவளை தின்கிறவள் என்று ஊர் பேசியது. பேசியவர்கள் வீட்டு அடுப்பில் காடை, கௌதாரி, முயல் எதுவும் தப்பியதில்லை. நோம்பி, திருவிழா வந்தால் மேச்சேரி ஆடு தப்பியதில்லை. எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரிய மாமன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"அவ ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் இது சின்ன வார்த்தை இல்லை. ஒரு வீட்டுக்குப் போய், கை கழுவி, இலையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால்தான் அந்த வீட்டோடு உறவு. அதற்குப் பெயர் கை நனைப்பது. மூத்தவர் கை நனைக்காத வீட்டில் மற்ற சொந்தமும் உறம்பரையும் நனைக்காது. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடமாட்டார்கள், வரவும் மாட்டார்கள். நாளைக்குப் பிள்ளை குட்டி பிறந்தால் பெண் எடுக்கவோ கொடுக்கவோ ஆள் இருக்காது. அத்தை எங்கள் வீட்டு மருமகளா, இல்லை சின்ன மாமன் கப்பலில் ஏற்றி வந்த யாரோ ஒருத்தியா என்பது பெரிய மாமனின் வலது கையில் இருந்தது.

சின்ன மாமன் ஊருக்குள் இருக்கவில்லை. புதுச்சத்திரத்தில், சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ் நிற்கிற இடத்தில், ரோட்டோரமாக ஒரு சாப்பாட்டுக் கிளப்பு வைத்தார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குக் கரி போட்டு ஓட்டிய காலம் இன்னும் வரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பஸ் வரும். முன்னால் நாலு பெஞ்சு, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் மாட்டுக் கொட்டகை. வாசலில் ஒரு பலகை, அதில் மாமனே சுண்ணாம்பால் எழுதிய 'சுத்த சைவ சாப்பாடு'.

எங்கள் தோட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அம்மாவுக்குத் தம்பி மேல் உயிர். ஆனால் அண்ணனுக்குத் தெரிந்து அங்கே போக முடியாது. அதனால் என்னை அனுப்பினாள். எனக்கு ஒன்பது வயது. போன நாலாம் நாளே நான் ஒரு பதவியை எடுத்துக்கொண்டேன். அத்தை பேசுவது இந்த ஜில்லாவிலேயே எனக்கு மட்டும்தான் புரியும், மற்றவர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நானே முடிவு செய்து, எல்லாரிடமும் சொல்லியும் வைத்தேன்.

அத்தையின் தமிழ் கப்பலில் கற்ற தமிழ். மாமன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு 'ங்க' போட்டுவிடு, எங்கள் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது. அவள் அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். எனக்கு 'ங்க', கன்றுக்குட்டிக்கு 'ங்க'. அரிசி கொத்த வந்த கோழியைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அவளும் என்னோடு சேர்ந்து சிரிப்பாள்.

சில வார்த்தைகள் அவள் பாஷையும் எங்கள் பாஷையும் கலந்து வரும். ஒருநாள் வாசலில் நின்று பலகையைக் காட்டி, "சாய்... சாய்ங்க" என்றாள். சய் என்றும் இல்லாமல் சாய் என்றும் இல்லாமல் நடுவில் விழுந்தது. பலகை சாய்ந்திருக்கிறதாம் என்று நான் புரிந்துகொண்டு, பெஞ்சு மேல் ஏறி அதை நேராக்கினேன். அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நல்ல வேலை செய்தேன் என்று பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

'சாய்' எனக்குப் பழகின வார்த்தைதான். அரிசி கழுவின தண்ணீர், வடிகஞ்சி, காய் நறுக்கிய தோல் எல்லாவற்றையும் கொட்டகையில் இருந்த கழுநீர்த் தாழியில் கொண்டுபோய்க் கொட்டும் வேலையை நான் ஆசையாகக் கேட்டு வாங்கியிருந்தேன், எருமை என்னைப் பார்த்ததும் தலையாட்டும் என்பதற்காக. சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மாமன், "சாய் அம்மிணி" என்பார், கவிழ்த்துக் கொட்டு என்று. நான் ஓடுவேன்.

கிளப்பு சரியாக நடக்கவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் விஷயம் தெரியாமல் சாப்பிட்டார்கள். சுற்று வட்டாரத்து ஆட்கள் பலகையைப் படித்துவிட்டு, அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாவால் இதைத் தாங்க முடியவில்லை. பெரிய மாமனிடம் போய் அழுதாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. பொங்கல் கழிந்து ஒருநாள் அவர் இறங்கி வந்தார்.

"தை அம்மாவாசைக்கு ஜேடர்பாளையம் போயி முழுகிப்போட்டு வாரேன். வார வழியில அவன் கடையில எறங்கறேன். ஆனா கவுச்சி வாடை வந்துச்சுன்னா அப்பவே எந்திரிச்சுருவேன், ஆமா."

அம்மா அதைச் சொன்னபோது சின்ன மாமன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தைக்கு அவர் அவள் பாஷையில் எடுத்துச் சொன்னார். அவள் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு ஜாடியை எடுத்து வந்தாள்.

ஊர் ஒரு மாதம் யோசித்த பெட்டியில் முக்கியமாக இருந்தது அந்த ஜாடிதான். அவள் அம்மா கையால் செய்து கொடுத்த ஏதோ ஒரு பயறு விழுது. உப்புப் போட்டு, வெயிலில் வைத்து, மாதக் கணக்கில் புளிக்க வைத்தது. சட்டியில் அது ஒரு விரல் விழுந்தால் போதும், அந்தச் சாப்பாடு அவள் ஊர்ச் சாப்பாடு ஆகிவிடுமாம். அமாவாசைக்கு அமாவாசை துளித் துளியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்தேன். எனக்குக் கருவாட்டு ஞாபகம்தான் வந்தது.

தை அமாவாசையன்று விடியும்போதே நான் போய்விட்டேன். அத்தை தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு, அம்மா கொடுத்தனுப்பிய சேலையை எங்கள் பக்கத்துக் கட்டாகவே கட்டியிருந்தாள். அடுப்படியைச் சாணம் போட்டு மெழுகி வைத்திருந்தாள். முதலில் அரிசி மாவை வேகவைத்து இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்தாள். நம்முடைய சந்தகையேதான். அவர்கள் ஊரிலும் அதுதானாம். நாம் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றுவோம், அவர்கள் அதன் மேல் முளைவிட்ட பச்சைப்பயறு, புதினா, கொத்தமல்லித் தழை, வறுத்துப் பொடித்த நிலக்கடலை எல்லாம் தூவி, எலுமிச்சம்பழமும் வெல்லமும் மிளகாயும் கலந்த தண்ணீரை ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஒரு வாய் எனக்குக் கொடுத்தாள். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கின் இரண்டு பக்கமும் சுரக்கிறது.

அதன் பிறகுதான் முக்கியமான பதார்த்தம். கொல்லிமலையிலிருந்து சந்தைக்கு வந்திருந்த பலாப்பிஞ்சை மாமன் தேடி வாங்கி வைத்திருந்தார். அத்தை அதை வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, கடலை எண்ணெயில் போட்டு, வெல்லத்தைக் கருக்க உருக்கி ஊற்றி, மிளகைத் தட்டிப் போட்டுச் சுருளச் சுருள வதக்கினாள். கடைசியாக ஜாடியில் மிச்சம் இருந்த விழுது முழுவதையும் விரலால் வழித்துப் போட்டாள். பிறகு ஜாடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றினாள். அவள் அம்மாவின் கடையில் விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் வைப்பார்களாம். கறி வேண்டாம் என்று இருப்பவர்கள் கறியை நினைத்து ஏங்காமல் இருக்க, பார்ப்பதற்கும் கறி மாதிரியே செய்கிற சமையல். எங்கள் ஊரில் சைவம் என்றால் பார்க்கவும் சைவமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அத்தைக்குத் தெரியாது. மாமனுக்கு இருந்த சந்தோஷத்தில் அவருக்கும் தோன்றவில்லை.

உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு நாமக்கல் பஸ்ஸில் பெரிய மாமன் வந்து இறங்கினார். நெற்றியில் திருநீறு, தோளில் ஈரம் காயாத துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. விடியக் காவேரியில் முழுகியவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. அவரோடு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

"வாங்கண்ணா," என்றார் சின்ன மாமன். பன்னிரண்டு வருஷம் கழித்து அண்ணனைப் பார்த்து வாங்க என்று சொல்கிறார்.

"ம்," என்றார் பெரிய மாமன். உள்ளே வந்தார். இலை போட்ட பெஞ்சில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரில் கடிகாரம் இரண்டு அடித்தது. அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "ஓடுதாட்டிருக்குது," என்றார். அண்ணன் தன் சாமானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்றதும் சின்ன மாமனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஒரு நிமிசமுங்கண்ணா, எளநி வெட்டியாரேன். நீங்க ஒக்காந்திருங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தோப்புக்கு ஓடினார். அவர் அப்போது ஓடாமல் இருந்திருக்கலாம்.

அத்தை தலைக்கு முந்தானை போட்டுக்கொண்டு வந்து இலையில் சந்தகை வைத்தாள். பெரிய மாமன் குனிந்து பார்த்தார்.

"இது நம்ம சந்தகையல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங் மாமா. அவிய ஊர்லயும் இதேதானாமா," என்றேன். என் பதவிக்கு உரிய கம்பீரத்தோடு சொன்னேன்.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. நான் பார்த்தேன். தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக் கையைக்கூட நீட்டினார். அந்த நேரத்தில்தான் நாங்கள் பலாப்பிஞ்சுச் சட்டியை எடுத்து வந்தோம். துணி சுற்றிய சட்டியை நான் ஏந்திக்கொள்ள, அத்தை கரண்டியால் எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். கருஞ்சிவப்பாக, எண்ணெய் மின்ன, நார் நாராக, கறி வறுவலேதான். அதோடு அந்த வாடை.

பெரிய மாமனின் கை பாதியில் நின்றது.

"அம்மிணி, இதென்னொ?"

எனக்கும் அதைத் தமிழில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பலா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலையில் என் கண் முன்னால்தான் அத்தனையும் நடந்தது. ஆனால் அவர் குரல் மாறியதும் எனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. அத்தையைப் பார்த்து, "அத்தை, இது என்னங்கறார்?" என்றேன்.

அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைக்கிறார் என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வேகமாக ஆட்டினாள்.

"சாய்ங்க! சாய்ங்க!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏதோ தப்பாகிவிட்டது, இதைக் கொண்டுபோய்க் கொட்டு என்கிறாள். சட்டியோடு திரும்பி ஓட்டமாக ஓடினேன். பின்னால் அத்தை என்னவோ கத்தினாள், அதுவும் 'சாய்' என்றுதான் கேட்டது. தாழியில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்துவிட்டு, கரண்டி போகாத மூலையைக்கூட விரலால் வழித்துவிட்டேன். எருமை தலையாட்டியது. அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

திரும்பி வந்தபோது பெரிய மாமன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. வாசலில் நின்ற இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு யாருக்கும் இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

"கவுச்சி இல்லீன்னா அதைய எதுக்குக் கொண்டுபோயி ஒளிக்கோணும்?"

அத்தை இலையில் இருந்த அந்த ஒரு கரண்டியைக் கையில் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். தன் வாயில் கொஞ்சம் போட்டுக் காட்டினாள். அவள் சாப்பிட்டுக் காட்டினால் எதற்கு ஆகும்? அவள் எதையும் சாப்பிடுவாள் என்பதுதானே ஊர்ப் பேச்சு. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்காகச் சொம்பில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

வாசற்படியில் நின்று, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "இந்தா சாமி, நீ வெச்சுக்க," என்று என் கையில் திணித்துவிட்டு, எதிர்ப்பக்கம் அவிழ்த்து நின்ற எங்கள் ஊர் வண்டியைப் பூட்டச் சொல்லி ஏறிக்கொண்டார். பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக ஒரு டஜன். நாமக்கல்லில் வாங்கியிருக்க வேண்டும். என் கையில் போட்டால் முழங்கையைத் தாண்டிப் போனது. மாமனுக்கு அளவு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சின்ன மாமன் இரண்டு கையிலும் இளநீரோடு வந்தார். ஆள் இல்லாத இலையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். நான்தான் எடுத்துச் சொன்னேன், சட்டி தாழிக்குப் போனதை. அவர் இளநீரைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடி, தாழிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். ஒரு பிடி பலா நாரை அள்ளி எடுத்துக்கொண்டு, கழுநீர் சொட்டச் சொட்ட ரோட்டுக்கு ஓடினார். "அண்ணா, பலாப்பிஞ்சுங்கண்ணா! வெறும் பலாப்பிஞ்சு! ஒருக்காத் திரும்பிப் பாருங்கண்ணா!" வண்டி போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தவர் நடுக்கடையில் நின்றார்.

"ஆரு கொட்டுனது?"

எனக்கு முன்னால் அத்தை சொல்லிவிட்டாள். "நான்ங்க."

நானும் தலையை ஆட்டினேன். சொன்னவள் அவள்தானே. நான் வெறும் கை. மாமன் அவளை என்னென்னவோ கேட்டார், அவர்கள் பாஷையில், உயர்ந்த குரலில். அவள் குனிந்துகொண்டு ஒன்றிரண்டு வார்த்தை பதில் சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய், காலியான ஜாடியை எடுத்து வைத்துக்கொண்டு கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா துருவித் துருவிக் கேட்டாள். "அத்தைதானுங்மா கொட்டச் சொன்னாங்க. நான் கேட்டதும் வேகவேகமாக் கொட்டச் சொன்னாங்க," என்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படீன்னா அண்ணன் சொன்னது..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். அந்தக் குடும்பத்தில் அத்தைக்காக அழுதவள் அவள் ஒருத்தி. அன்றோடு அவளும் அழுவதை நிறுத்திவிட்டாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர்கள் கிளப்பை எடுத்துவிட்டுச் சேலத்துக்குப் போனார்கள். ஜங்ஷன் பக்கத்தில், யார் எந்த ஊர் என்று யாரும் கேட்காத இடத்தில், கடை நன்றாகவே நடந்தது. பெரிய மாமன் கடைசிவரை அங்கே கை நனைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில், ஓர் அமாவாசையன்று என் வீட்டுக்காரரோடு அந்தக் கடைக்குப் போனேன். அத்தை இப்போது என்னைவிட நன்றாகத் தமிழ் பேசினாள். சந்தகையும் பயறும் தழையும் வைத்தாள். என் வீட்டுக்காரர் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இதெல்லாம் எங்கே கற்றது என்று கேட்டார். மாமனுக்கு அந்தக் கேள்வி போதும். சைகோனில் மாமியார் நடத்திய கடையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

"கடை வாசல்ல ஒரே ஒரு வார்த்தைதான் மாப்ள எழுதியிருக்கும். ஆயிரம் கடை இருந்தாலும் அதைய வெச்சுக் கண்டுபுடிச்சறலாம். சாய்னு சொல்லோணும். அவிய பாசையில சாய்ன்னா சைவம்."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது. மாமன் பேசிக்கொண்டே இருந்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல இன்னொரு கரண்டி வைத்தாள்.

"சாப்புடுங்க அம்மிணி. ஆறிப்போயிருமுங்க."

மாமனிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், அடுப்படிக்குள் அத்தையின் பின்னால் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தப்பாகப் புரிந்துகொண்டு நானாகத்தான் கொட்டினேன் என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கொழந்தைங்க," என்றாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். "உங்களச் சொல்லியிருந்தா அப்புறம் உங்களயும் அங்க உடமாட்டாங்க. எனக்குப் பேச அந்த ஊர்ல வேற ஆருங்க இருந்தா?"

 எனக்கு அந்தத் தை அமாவாசைக்கு அடுத்த வாரம் நடந்தது ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதை நான் அதுவரை ஒரு வெற்றியாகவே நினைத்து வைத்திருந்தேன்.

அந்த வாரம் நான் கிளப்புக்குப் போனபோது கடையில் ஈ காக்கை இல்லை. பெரிய மாமன் கொடுத்த வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றிப் போட்டிருந்தேன். எங்கே கிடைத்தது என்று அத்தை கையாலேயே கேட்டாள், சொன்னேன். ஒரு வளையலை என் கையிலிருந்து உருவி, தன் கையில் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கழற்றி, மறுபடி என் கையிலேயே போட்டுவிட்டாள். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பலகையில் நடுவில் இருந்த எழுத்துகளைத் தொட்டுக் காட்டி, "இது உங்க தமிழ்ல எப்படிங்க சொல்றது?" என்று கேட்டாள்.

"சை-வம்," என்றேன்.

"சாய்... வம்."

"சாய் இல்லீங்கத்தை. சை. சை!" எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். அவள் வாயிலிருந்து அந்தச் சாய் போகவே மாட்டேன் என்றது. நானும் விடவில்லை. பத்துத் தடவை, இருபது தடவை, அவள் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சொல்ல வைத்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று எண்ணிக்கொண்டு நானும் சிரித்தேன். கடைசியில் கொஞ்சமும் பிசகாமல், "சைவமுங்க," என்றாள். அதற்குப் பிறகு அந்த மற்ற வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் வளையல் குலுங்க வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன், அத்தைக்கு நான் தமிழ் கற்றுக் கொடுத்துவிட்டேன் என்று.